சந்தனம் பூசிய வண்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனிக்குப் புதிதாக, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று வந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதை நிறுத்தி, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், மேனேஜர் பக்கத்தில் நிற்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். அவரிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

நான் படித்தது ஆவடி தாண்டி, திருநின்றவூர்ப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில். பெயர் வேண்டாம். கேட்டுக்கும் எங்கள் பிளாக்குக்கும் நடுவில் ஒரு நகரையே பிளாட் போட்டு விற்கலாம், அவ்வளவு தூரம். வெயில் காலத்தில் கொதிக்கும் தார், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். ஏழு கழுதை வயசான நாங்கள் அரட்டை அடித்துக்கொண்டே நடந்துவிடுவோம். தேவிகாவால் முடியாது.

தேவிகா எங்கள் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே ஒரு கால் சூம்பிப்போய், அதற்கு இரும்புப் பட்டை போட்டு, கையில் ஊன்றுகோலோடு வருவாள். அவள் அப்பா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை. டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து விடுவார், ஆனால் வெளி வண்டிக்குக் கேட்டோடு சரி. 'ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க' என்று அனுமதி கிடைக்கவேயில்லை. அவள் நடந்து திருப்பத்தில் மறையும் வரை அவர் அங்கேயே நிற்பார். அவள் வந்து சேரும்போது முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும், அட்டென்டன்ஸும் போயிருக்கும். ஒருநாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்:

"இந்த செமஸ்டரோட நின்னுக்கப் போறேன்டா. அஞ்சல் வழில படிச்சுக்கறேன்."

எங்களில் யாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டோனர் சாரின் பணம் வந்தது. நன்கொடை கொடுப்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர், வெளிநாட்டில் இருக்கிறார். வருடா வருடம் ஒரு மாணவர் புராஜெக்ட்டுக்குக் கொடுப்பார். கேம்பஸில் இருப்பவர்களுக்கு உபயோகப்பட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இருந்தும் அதுவரை அந்தப் பணத்தில் பிறந்த ரோபோக்கள் எல்லாம் மார்க் வாங்கிய கையோடு லேப் அலமாரியில் தூங்கப் போயிருந்தன. நாங்கள் கேட்டது பேட்டரி வண்டி. தேவிகாவை உட்காரவைத்து வகுப்பு வாசலில் இறக்க வேண்டும். உள்ளே எங்களுக்கு இருந்தது அவ்வளவுதான். எழுத்தில் மட்டும் 'வளாகச் சமூகத்தின் போக்குவரத்து மேம்பாடு' என்று நான் அளந்திருந்தேன். அந்த வண்டியில் என் பங்கு பெரும்பாலும் இந்த மாதிரி வார்த்தைகள்தான், அப்புறம் பெயின்ட்.

மிச்சமெல்லாம் கார்த்தி. பருத்திப்பட்டுக்காரன். அவனைப் பார்த்தால் ஸ்பேனர்கள் தானாக வந்து கையில் ஏறும் போலிருக்கும். பழைய ஆட்டோ ஒன்றை வாங்கி, இன்ஜினைக் கழற்றி மோட்டார் வைத்தான். காலால் மிதிக்க எதுவும் இல்லை. பிரேக், ஆக்ஸிலேட்டர் எல்லாம் கையில். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, கைக்கு வைப்பதுதான் சுலபம் என்றான். முன்னால், இரண்டு ஹெட்லைட்டுக்கு நடுவில், ஒரு சென்சார். எதிரே ஆள் நின்றால் வண்டி தானாக நின்றுவிடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கண்ணு.

ஆயுத பூஜைக்கு முந்தின வேலைநாளில் டோனர் சாரே நேரில் வந்தார், கோட்டு சூட்டோடு. எங்கள் துறைத்தலைவர் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு ஓடினா வெச்சுக்கலாம். இல்லன்னா எடைக்குப் போட்டுடுவேன்." கேட்டுக்கு வெளியே தேவிகாவின் அப்பா வேலைக்கு பர்மிஷன் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூஜை இல்லாமல் வண்டியை எடுப்பதா? நசுக்க எலுமிச்சம்பழம், உடைக்கப் பூசணிக்காய் எல்லாம் தயார். கார்த்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்தான்.

"இன்னாடா மாமே, மூஞ்சில பொட்டு இல்லாம வண்டி அழுது வடியுது!"

வண்டியின் நெற்றி போல எது தெரிந்ததோ, அங்கே கட்டியாக அப்பினான். நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

கார்த்தி ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினான். வண்டி அசையவில்லை. மறுபடி திருகினான். ம்ஹூம். முந்தின நாள் சாயங்காலம் குதிரை மாதிரி ஓடியது இது! பேட்டரியைப் பார்த்தோம், ஃபியூஸைப் பார்த்தோம், சீட்டைத் தூக்கினோம். எனக்கு ஒன்றும் புரியாததால் நானும் மும்முரமாகக் குனிந்து பார்த்தேன். துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

பின் சீட்டில் பயணியாக உட்கார்ந்திருந்த தேவிகா ஊன்றுகோலை ஊன்றி இறங்கி, முன்னால் வந்து பார்த்தாள்.

"டேய் கார்த்தி, கண்ணுல சந்தனத்த அப்பிகினு ஓடுன்னா எப்பிடிடா ஓடும்? மூக்குக்கு முன்னாடி ஆள் நிக்கறான்னு பயந்துகினு கீது அது!"

துப்பட்டாவால் அழுந்தத் துடைத்தாள். துடைத்தவள் பின் சீட்டுக்குத் திரும்பவில்லை. "எறங்கு" என்று கார்த்தியை இறக்கிவிட்டு அவளே ஏறிக் கைப்பிடியைத் திருகினாள்.

போனது பாருங்கள் வண்டி! விசில் காதைப் பிளந்தது. டோனர் சார் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "நில்லு நைனா நில்லு, நானும் குந்திக்கறேன்!" அந்தக் கோட்டுக்குள் இருந்தது நம்ம ஊர் ஆள் என்று அப்போதுதான் தெரிந்தது. இவளை உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தோமே, அவளே ஓட்டுவாள் என்று ஒரு மடையனுக்கும் தோன்றவில்லையே! அவள் நேராகக் கேட்டு வரை போய்த் திரும்பினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா, "பாத்து... பாத்து ஓட்டு!" என்று கத்திக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், பெருமையாகத்தான்.

வண்டி எடைக்குப் போகவில்லை. தேவிகாவும் படிப்பை நிறுத்தவில்லை. பட்டம் வாங்கும் வரை காலையில் அவள்தான் ஓட்டினாள். நிறைமாத மேடம், கேன்டீன் இட்லிப் பாத்திரம், 'பொம்பளப் புள்ள ஓட்டுற வண்டியா' என்று முறைத்துவிட்டு மறுவாரமே முன்னால் வந்து இடம் பிடித்த ஆபீஸ் கிளார்க், எல்லாரும் அதில் போனார்கள்.

இப்போது எங்கள் பேட்சும் சேர்ந்து புராஜெக்ட்டுக்குப் பணம் கொடுக்கிறோம். நானும் ஒரு குட்டி டோனர் சார். அந்தச் சாக்கில் போன மாதம் போயிருந்தேன். கேட்டருகே எங்கள் வண்டி நின்ற ஷெட் ஜூஸ் கடையாகிவிட்டது. எங்கள் வண்டியை எப்போதோ கழித்துவிட்டார்களாம். இப்போது பல்கலைக்கழகமே வாங்கிய வெள்ளை வண்டிகள் வரிசையாக ஓடுகின்றன. ஒன்றில் ஏறினேன். பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு முதலாண்டுப் பெண். கேட்டிலிருந்து வகுப்பு ரொம்ப தூரமாயிற்றே, கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"தூரமா? இன்னாண்ணா தூரம், ஏறிக் குந்துனா வந்துடுது" என்றாள். நான் என்ன கேட்கிறேன் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

இறங்கியதும் தேவிகாவுக்குப் போன் போட்டு, நம்ம வண்டி போயிடுச்சு என்று புலம்பினேன். அந்தப் பெண் சொன்னதையும் சொன்னேன்.

"வண்டி போனா போவுது உடுடா," என்றாள். "அந்த தூரம் போச்சு பாரு, அத்த சொல்லு. இன்னொரு வாட்டி சொல்லு."