புகைபோக்கிக்குத் தைத்த சட்டை

கிழிந்த வலை, லாரி தார்ப்பாய், மீன்பிடி மிதவை, கையில் எது சிக்கினாலும் துணியோடு சேர்த்துத் தைப்பேன். அப்படிக் கலைப்பொருள் செய்வதுதான் என் வேலை. ஒருமுறை எண்ணூரில் எங்கள் தெருவிலிருந்து தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு ஒரு சட்டை தைத்தேன். இரண்டு ஆள் உயரம், தார்ப்பாய்க் காலர், பொத்தானுக்குப் பதில் மிதவைகள், ஒரே ஒரு கை. எல்லார் சட்டையையும் அழுக்காக்குகிறதே, அதற்கும் ஒன்று இருக்கட்டும் என்றுதான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் கோபத்தில் தைத்தேன்.

அந்த வெள்ளைச் சட்டையை மொட்டைமாடிக் கொடியில் ஆறு வாரம் தொங்கவிட்டேன். சாம்பல் படிந்து தோள்பட்டை கறுத்தது. அந்தக் கறுப்புதான் படைப்பு.

எங்கள் தெருவில் காற்று திரும்பிச் சாம்பல் விழுந்தால், முதலில் பார்க்கிறவர் எல்லார் வீட்டுத் துணியையும் எடுத்துவிடுவார். அழுக்கானதை அலசியும் போடுவார். யாரும் யாரையும் கேட்பதில்லை. கீழ்வீட்டு அக்காவிடம் மட்டும், என் சட்டை காய்கிறது, தொடாதே என்று சொல்லி வைத்திருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. அது என் திமிர்.

நாளைக்குக் கண்காட்சிக்கு எடுத்துப் போக வண்டி வருகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு, கயிறு வாங்க ராயபுரம் போனேன். மதியம் திரும்பினால் கொடியில் சட்டை சொட்டச் சொட்டத் தொங்குகிறது. நீலம் போட்டு, பளிச்சென்று.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"சிம்னி சட்டையா இருந்தா இன்னா? நாலு பேரு பாக்கப் போறது. அழுக்கோடவா அனுப்புவ?"

"அழுக்குதான்க்கா வேணும். அதக் காட்டத்தான் தெச்சேன்."

அக்கா சட்டையின் ஓரத்தைப் பிடித்து மறுபடி பிழிந்தார்.

"தெனம் ரெண்டு வாட்டி தோய்க்கிறோம்மே. அவுங்க வந்து, இங்க கீறவங்கல்லாம் கலீஜுன்னு பாத்துட்டுப் போவணுமா?"

மாடியில் இங்கும் அங்கும் நடந்தேன். ஆறு வாரத்தை ஒரே நாளில் மறுபடி படியவைக்க முடியாது. கையால் கரி பூசினால் பொய்.

துவைத்த தண்ணீரை என்ன செய்தாய் என்று கேட்டேன். கழிவறைக்கு ஆகும் என்று பக்கெட்டில் எடுத்து வைத்திருந்தார். கறுப்பாக, அடியில் வண்டலோடு. அவருடைய குடிதண்ணீர் கேன் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் ஊற்றி மூடினேன்.

கண்காட்சியில் வெள்ளைச் சட்டை தொங்கியது, கீழே கேன். பலர் சட்டையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கேனைக் காட்டி, இது டிகாக்ஷனா என்று கேட்டார். உங்கள் வீட்டில் டிகாக்ஷன் இப்படித்தான் இருக்குமா என்றேன். நகர்ந்துவிட்டார்.

அக்கா பார்க்க வரவில்லை. மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் கேன் எப்போது வரும் என்று மட்டும் கேட்கிறார். கேன் என் அறையில்தான் நிற்கிறது. காலி செய்து கொடுக்க வேண்டும். எங்கே ஊற்றுவது? தெருச் சாக்கடையில் ஊற்றினால் அது, மின்நிலையச் சாம்பல் ஏற்கெனவே படிந்து கிடக்கும் ஆற்று முகத்துவாரத்துக்குத்தான் போய்ச் சேரும்.