பந்தலுக்குக் கீழே விழுந்த பிறைகள்

மாட்டுப் பொங்கலன்று மதியம் பழைய எக்ஸ்ரே படத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சூரிய கிரகணம் பார்த்தபோது எனக்கு வயது பத்தொன்பது. வலிக்கவே இல்லை. மறுநாள் பேப்பரைப் பிரித்தால், எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அது மட்டும் வலது கண்ணுக்குத் தெரியவில்லை.

"சூரியன் சுட்ட புண். மருந்து கிடையாது, தானா ஆறலாம்" என்றார் மதுரையில் கண் டாக்டர். ஒரு வருடத்தில் முக்கால்வாசி ஆறியது. ஒரு மங்கல் புள்ளி மட்டும் தங்கிவிட்டது.

அதன்பிறகு கிரகணம் என்றாலே பயம். ஆனால் அடுத்தது எப்போது என்று தேடித் தேடித் தெரிந்துகொள்வேன். என்னைச் சுட்ட அதே கிரகணம் பதினெட்டு வருடமும் பத்துப் பதினொரு நாளும் கழித்துத் திரும்புமாம், வேறு தேசத்து வானத்தில். அதைப் படித்ததும் கொஞ்சம் நிம்மதி.

ஆனால் நடுவில் வேறு கிரகணங்கள் வருமே. பத்து வருடம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் ஒன்று வந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி, கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம். நான் மோட்டார் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். என் மனைவி வெளியிலிருந்து சொன்னாள்: "கிரகணம் விட்டதும் வாரோம்னு ஆளுக எல்லாரும் சொல்லிட்டாக. நான் பழம் வெட்டிக்கிட்டிருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் திராட்சைப் பந்தலுக்குள்ளிருந்து அவள் குரல்.

"என்னங்க, செத்த இங்கன வாங்க!"

"நான் வரல."

"மேல பாக்க வேணாம். குனிஞ்சுக்கிட்டே வாங்க. எல்லாம் கீழதான் கெடக்கு."

தரையைப் பார்த்தபடியே போனேன். இலை இடுக்கில் விழும் வெளிச்சம் எப்போதும் வட்டமாக இருக்கும். அன்று ஒவ்வொன்றும், மேலே மறைபட்ட சூரியனைப் போலவே, பிறை. மண்ணில், சொட்டுநீர்க் குழாயில், அவள் முந்தானையில், நகத்தளவில் ஆயிரம் பிறைகள். உள்ளங்கையை நீட்டி ஒன்றை ஏந்திக் காட்டினாள்.

"இது ஒண்ணும் சுடாது."

அவை தடித்து வட்டமாகும்வரை மண்ணிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆறே மாதத்தில், ஊரடங்கு ஞாயிறு ஒன்றில், இன்னொன்று. அன்று அவளைப் பந்தலுக்குக் கூப்பிட்டது நான்தான். அதற்கடுத்தது ஒரு தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம். நன்றாகப் பிடிப்பதற்குள் மேற்கு மலை மறைத்துவிட்டது.

"அடுத்து எப்ப?" என்றாள்.

"அஞ்சு வருசம் ஆகும். ஆடி மாசம்."

"அதுக்குள்ள கீழ வயல்லயும் பந்தல் போட்டு கொடி ஏத்திருவோம்."

ஏற்றிவிட்டோம். ஆடியில் வருவதும் வெயில் சாயும் நேரம்தானாம். மலை மறைக்காத இடமாக, அந்தப் புதுப் பந்தலில் எந்த மூலையில் நிற்கலாம் என்று இப்போதே பார்த்து வைத்திருக்கிறாள்.