நாலு மாசக் கவர்னர்

கடந்த ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வெளியே மூன்று டிகிரி. புல்லின் மேல் உறைபனி, தெளிந்த வானம், காற்று இல்லை. சிட்னி வெஸ்ட்மீட் மருத்துவமனையில் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தபோது சன்னலோரம் நின்று இவற்றைக் குறித்துக்கொண்டேன். நாள்தோறும் காலையில் வானிலையை நோட்டில் எழுதியவர் அவர். கடைசி நாள் மட்டும் எழுதப்படாமல் போகக் கூடாது என்று எனக்குப் பட்டது.

அண்ணன் காரைக்காலில் 1944 பிப்ரவரி 11 அன்று பிறந்தார். உடன்பிறந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்ததால், பத்தொன்பது வயதில் அண்ணன் கப்பலேறி தூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தார். முதல் பயணத்தில் இருபத்திரண்டு நாள் வாந்தி. முதல் வேலை உருளைக்கிழங்கு உரிப்பது. அதிகாரித் தேர்வில் இருமுறை தவறி மூன்றாம் முறை தேறினார். மொத்தம் முப்பத்து மூன்று ஆண்டுகள் கடற்படையில் இருந்தார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

ஓய்வு பெறும் வயதில் ஒரு பதவி வந்தது. தெற்குக் கடலில், அண்டார்டிக்கா போகும் வழியில், பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொந்தமான ஒரு தீவின் தலைமை. ஓராண்டுக்கு அங்கே அரசு என்றால் அவர்தான். காகிதத்தில் தீவுத் தலைவர் என்றிருந்தது. நம் சொந்தக்காரர்கள் கவர்னர் என்று படித்தார்கள். காரைக்காலிலிருந்து அவருக்குப் பதினேழு மனுக்கள் போயின. ஒருவர் தம் மகனுக்கு அங்கே தாசில்தார் வேலை கேட்டிருந்தார். அண்ணன் பதினேழுக்கும் தீவின் முத்திரையிட்டுப் பதில் எழுதினார்.

அந்தத் தீவைப் பற்றி அவர் வெஸ்ட்மீட்டில் படுத்திருந்தபோதும் பேச்சு வந்தது. யாழ்ப்பாணத்து நர்ஸ் பெண் ஒருத்தி ஊசியோடு வந்தாள்.

"அங்கிள், நீங்கள் ஒரு தீவையே ஆண்டனீங்களாம், உண்மையோ?"

"ஆமாம்மா."

"எத்தினை சனம்?"

"முப்பத்தொரு பேர். பென்குயினைச் சேர்க்கல."

"வரி எடுத்தனீங்களோ?"

"எங்கம்மா! காலையில பாத்ரூமுக்கே நான்தான் வரிசையில கடைசி."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஊசி போட்டு முடித்ததை அண்ணன் கவனிக்கவே இல்லை. பிறகு அவளுக்குத் தீவில் பொங்கல் வைத்த கதையைச் சொன்னார். பால்பவுடரில் பொங்கல். முப்பத்தொரு பேரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியதில் கரையில் நின்ற பென்குயின்கள் எல்லாம் கடலில் குதித்துவிட்டனவாம்.

அவர் தீவில் இருந்த அந்தக் கோடையில்தான் இங்கே சிட்னியில் என் மகளுக்கு வரன் அமைந்தது. என் மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாகத்தான் மணவறையில் உட்கார வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணனும் அண்ணியும் வந்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரோ ஏற்கெனவே இரண்டு முறை தேதி மாற்றி அலுத்திருந்தார்கள். மூன்றாவதாக வைகாசியில் ஒரு முகூர்த்தம் குறித்தோம். தீவோடு தொலைபேசியில் வாரம் ஒருமுறை ஆறு நிமிடம் பேசலாம்.

"அண்ணே, வைகாசியில முகூர்த்தம். பதினஞ்சு நாள் லீவு போட்டுட்டு வந்துடுங்க."

"கப்பல் தேதி பாக்கணும்டா."

"கவர்னருக்கே லீவு இல்லையா?"

"இருக்கும், இருக்கும். மாப்பிள்ளை என்ன உயரம், அதைச் சொல்லு முதல்ல."

சொன்னபடி வந்தார். தூலோனிலிருந்து அண்ணியும் வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் அண்ணனிடம் நான்கு பெட்டிகள். ஒன்று முழுக்கக் கம்பளியும் பூட்ஸும்.

"பதினஞ்சு நாளைக்கு நாலு பெட்டியா? கல்யாணத்துக்கு எதுக்கு பூட்ஸு?"

"கவர்னர் சும்மா கைய வீசிட்டா வருவாரு?"

கல்யாணம் நன்றாக நடந்தது. எப்போது தீவுக்குத் திரும்புகிறீர்கள் என்று கேட்டேன். "அது முடிஞ்சுதுடா" என்றார். பதவிக்காலமே அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்து, "நாலு மாசக் கவர்னர்" என்று பெயர் வைத்தேன். குடும்பம் முழுவதும் பிடித்துக்கொண்டது. இரண்டாண்டு கழித்து அவரும் அண்ணியும் குவேக்கர்ஸ் ஹில்லில் என் வீட்டிலிருந்து ஐந்தாவது வீட்டில் குடியேறினார்கள். "நாலு மாசக் கவர்னரே, டீ ஆறுது" என்று வாசலில் நின்று கூப்பிடுவேன். "உத்தரவு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வருவார். இருபத்தெட்டு ஆண்டுகள் அந்தப் பெயர் நிலைத்தது.

இரண்டு மாதங்களுக்கு முன் இந்த நினைவு மலருக்காகத் தேதிகளைச் சரிபார்க்க அண்ணியிடம் பழைய காகிதங்களை வாங்கினேன். பதவியேற்பு 1996 டிசம்பர் 2. தீவை விட்டுக் கப்பலேறியது 1997 ஏப்ரல் 9. நியமன உத்தரவில் ஓராண்டு என்று இருந்தது. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன்.

"அண்ணி, கணக்கு இடிக்குதே."

அண்ணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இப்பதான் எண்ணினீங்களா தம்பி? அந்தத் தீவுல லீவுன்னு ஒண்ணு கிடையாது. கப்பல் ஏறினா ஏறினதுதான். ஏப்ரலை விட்டா அடுத்த கப்பல் ஆகஸ்டுலதான். பதவியை விட்டுட்டு வர்றேன்னு இவர் எழுதிக் கொடுத்தார். இவர் ஏறின கப்பல்லதான் புதுத் தலைவர் வந்து இறங்கினார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா மூணாவது தடவையும் முகூர்த்தத்தை மாத்தியிருப்பீங்க. சம்பந்தம் கைவிட்டுப் போயிருக்கும். எங்களுக்கும் அவ ஒருத்திதானே பொண்ணு?"

"அவர் வருத்தப்படலையா அண்ணி?"

"வருத்தமா? மணவறையில என் காதுல சொன்னார்: 'அங்கே முப்பத்தொரு பேர் என் பேச்சைக் கேட்டாங்க. இங்கே ஐயர் ஒருத்தர் உக்காருங்கிறார், எழுந்திருங்கிறார், நான் கேட்டுக்கிட்டிருக்கேன்'னு. அன்னைக்குப் பூரா ஒரே சிரிப்பு."

அண்ணனின் கடைசி நாட்களில் அவரைச் சிரிக்க வைத்த அந்த நர்ஸ் பெண்ணுக்கும், செய்தி கேட்டுப் பத்து மணி நேரம் மெல்பனிலிருந்து கார் ஓட்டி வந்த மாப்பிள்ளைக்கும், மெல்பனின் த பேசின் பகுதிப் பிள்ளையார் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துவரும் என் மகளுக்கும், பதினாறாம் நாள் சமையலை ஏற்றுக்கொண்ட எங்கள் தெருவின் ஆறு வீட்டாருக்கும், அதிகாலையில் எழுந்து உறைபனியில் வந்து நின்ற நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும். பட்டியலை நான்கு முறை பார்த்தேன்.

நான் வைத்த பெயரை யாரும் மாற்ற வேண்டாம். அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. கணக்கு மட்டும் சரியாக இருக்கட்டும். அண்ணனுக்குக் கொடுத்த நாட்கள் 365. அவர் ஆண்டது 129. என் மகள் கழுத்தில் தாலி ஏற அவர் கொடுத்தது 236.