கத்தரி அக்கா வெட்டாத கடிதம்

கத்தரி அக்கா என்றால்தான் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சபையின் மிஷனெரி ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. தொலைதூரங்களில் ஊழியம் செய்கிற மிஷனெரிகள் எழுதும் கடிதங்களை வெட்டிச் சுருக்கி, நான்கு பக்கத்துக்குள் அடக்கி, மாத இதழாக்கி, பணத்தாலும் ஜெபத்தாலும் அவர்களைத் தாங்குகிற குடும்பங்களுக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒரு வழக்கம் உண்டு. கடிதத்துக்கு, நன்றி சொல்ல மூன்று ஸ்தோத்திரக் குறிப்பு, வேண்டிக்கொள்ள மூன்று ஜெபக் குறிப்பு. புலம்பல் கூடாது. படிக்கிறவர்கள் சோர்ந்துபோவார்களாம். கூரை ஒழுகுகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாளாகப் பேசவில்லை என்று யாராவது மனம்விட்டு எழுதிவிட்டால் போச்சு, அக்காவின் சிவப்புப் பேனா இறங்கிவிடும். "சிறு சோதனைகள்" என்று இரண்டே வார்த்தையில் கதையை முடித்துவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

பெருந்தொற்று வந்தது. ஆபீசைப் பூட்டினார்கள். கம்ப்யூட்டர் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. கடிதம் வருவதும் இதழ் போவதும் ஈமெயிலில் என்றாயிற்று. அடுத்த மாதமே, பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பதினோராம் நாள் அவருடைய மூக்குக்கண்ணாடியும் செருப்பும் ஒரு பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்தன. கல்லறையில் ஆறே பேர். அக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. குளித்தாள், துணி காயப்போட்டாள், சமைத்தாள். உப்புப் போட மறந்திருந்தாள். அது நாக்குக்குத் தெரியவும் இல்லை. அந்த மாத இதழின் கடைசிப் பக்கத்தில் அவளே டைப் செய்தாள்: "நமது அலுவலக சகோதரியின் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். குடும்பத்தினர் ஆறுதலடைந்திருக்கிறார்கள்." எந்தக் குடும்பத்தினர்? பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் மிச்சம் அவள் ஒருத்திதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. மலைமேல் ஒரு சின்ன கிளினிக் நடத்துகிற நர்ஸம்மா எழுதியது. இருபது வருஷமாக அவளும் கணவரும் அங்கேதான் மிஷனெரிகள்.

"அக்கா, அவர் போய்விட்டார். குழி தோண்ட இரண்டு பேர்தான் வந்தார்கள். பாதையை மூடிவிட்டார்கள், நான் இறங்கி வர முடியாது. என்மேல் நோய் ஒட்டியிருக்கும் என்று இங்கே யாரும் கிட்டே வருவதில்லை. முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. யாராவது போன் செய்தால் நன்றாயிருக்கும். வேத வசனம் சொல்ல வேண்டாம். சும்மா பேசினால் போதும். என் நம்பரைப் போடுங்கள்."

அக்கா படித்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. "நமது மிஷனெரியின் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சகோதரி விசுவாசத்தில் உறுதியாயிருக்கிறார்." நம்பர் போடுகிற வழக்கம் இல்லை, அதையும் வெட்டினாள். அடிப்பாவி, கொஞ்சமாவது கை கூசியிருக்க வேண்டாமா? கூசவில்லை. மரத்துப்போன கைக்கு என்ன தெரியும்! அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

இதழ் போன பத்தாம் நாள் நர்ஸம்மாவே கூப்பிட்டாள்.

"அக்கா, நான் விசுவாசத்துல உறுதியா இருக்கேனாமே. யாரு சொன்னா உங்களுக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"போனை மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். இத்தனை வருஷம் எங்களுக்காக ஜெபிச்சவங்க, ஒருத்தராவது கூப்பிடுவாங்கன்னு. இதழைப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது. உறுதியா இருக்கிறவளை எதுக்குக் கூப்பிடணும்?" குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அக்காவைத் தைத்தது. அது அக்காவின் சொந்தக் குரலாகவே இருந்தது.

"என்னையும் யாரும் கூப்பிடலம்மா. ஆறுதலா இருக்கேன்னு நானே எழுதிப் போட்டுக்கிட்டேன்."

"ஐயோ! அந்த அலுவலக சகோதரி நீங்களாக்கா?"

"நான்தான்."

இருவருக்கும் போனை வைக்க மனமில்லை. அங்கே ஒரு நாற்காலி நகர்கிற சத்தம், இங்கே குழாய் சொட்டுகிற சத்தம். "நாளைக்கு நாலு மணிக்குக் கூப்பிடுறேன்" என்று அக்கா சொன்னாள், கூப்பிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். என்ன சமைத்தாய், ஒன்றுமில்லை, நீங்கள்? ஒன்றுமில்லை. பேச்சு அவ்வளவுதான். ஆனால் நாலு மணி என்று ஒன்று இருந்தது.

அடுத்த இதழில் அக்கா அந்தப் பழைய கடிதத்தை ஒரு எழுத்து வெட்டாமல் போட்டாள், நம்பரோடு. கீழே தன் பங்குக்கும் எழுதினாள்: "போன மாதம் வெட்டியது என் தவறு. என் கணவர் இறந்தபோது என்னைப் பற்றி எழுதியதும் உண்மையில்லை. நான் ஆறுதலடையவில்லை." அதன்கீழே தன் நம்பர்.

அனுப்புமுன் இதழைப் பார்த்த செயலாளர் ஐயா பதறிக்கொண்டு போன் செய்தார். "என்னம்மா இது? தாங்குறவங்க மனசு தளர்ந்துடுவாங்களே!"

"தாங்குறவங்கன்னு பேரு வச்சிருக்கோமே ஐயா, எதைத் தாங்கணும்னு தெரிய வேண்டாமா?"

"சரி, அனுப்பு" என்றார். வேறென்ன சொல்வார் பாவம், அவர் வீட்டிலும் ஒரு கட்டில் காலியாகியிருந்தது.

இதழ் போன அன்று நாலு மணிக்கு அக்கா மலைக்குக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை, நர்ஸம்மா வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நாலரைக்கும் அப்படியே. ஐந்துக்கும் அப்படியே. அக்காவுக்குச் சந்தோஷமா பொறாமையா என்று சொல்லத் தெரியவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளே போய் அரிசி களைந்தாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர், வயதான ஒரு அம்மாவின் குரல்.

"இதழைப் படிச்சேன்மா. எப்படி இருக்கே?"

"ஸ்தோத்திரம்" என்று இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் வாய் திறந்தது. அக்கா அதை அங்கேயே நிறுத்தினாள்.

"நல்லா இல்லம்மா" என்றாள். சொன்னதும்தான் அழுகை வந்தது. அந்தம்மா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.