கீல் செய்தவர்

வெளிநாட்டில் நான் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், துணி துவைக்கப் போகும் கடையில்தான் அவரைப் பார்ப்பேன். தமிழ்நாட்டுக்காரர், விண்கலப் பொறியாளர், காதோரம் மட்டும் நரை. துணி போடுமுன் மெஷின் கதவை மெல்லத் திறந்து மூடி, அதன் கீலில் காது வைத்துக் கேட்பார். பின்னால் ஆட்கள் காத்து நிற்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

கடைசியாகப் பார்த்த ஞாயிறன்று, அவருடைய போனில் ஒரு தனியார் கம்பெனியின் ராக்கெட் தெரிந்தது. திரும்பி வந்து தரையிறங்க வேண்டியது, நடுவானில் வெடித்துச் சிதறியது. கம்பெனி ஆட்கள் ஆரவாரித்தார்கள்.

"வெடிச்சதுக்கு ஏன் அண்ணை கை தட்டுகினம்?"

"எது தப்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. சரிபண்ணி அடுத்ததை விட்டுடுவாங்க. நான் வேலை பார்த்த இந்த நாட்டு அரசாங்கத் திட்டத்துல ஒரு ஸ்க்ரூ மாத்தவே மூணு கமிட்டி. விண்கலத்தோட சூரியத் தகடு விரியறதுக்கு ஒரு கீல், பதினோரு வருஷமா அதைத்தான் செஞ்சேன் தம்பி. ஒரு டெஸ்ட்லயும் தோக்கல."

"பேந்தென்ன நடந்தது?"

"வெள்ளிக்கிழமை திட்டத்தையே மூடிட்டாங்க."

போனில் அதே ராக்கெட் மறுபடி வெடித்தது.

"கொடுத்து வச்சவங்க," என்றார். "வெடிக்கவாவது விட்டாங்க."

அவருடைய மெஷின் எப்போதோ நின்றிருந்தது. ஈரத் துணியை எடுக்காமல் கதவை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். காது வைத்துக் கேட்கவில்லை. பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களை வேறு மெஷினுக்குப் போகச் சொன்னேன்.