சம்பவ இடம்: மேற்கே பதினாலாயிரம் கிலோமீட்டர்

எவனோ ஒருவன் என் பெயரில், என் புகைப்படத்தோடு இணையத்தில் கணக்கு தொடங்கி, என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு ஆபாசமாக எழுதினான். சிதம்பரத்தில் இப்படிப்பட்ட சேதி பரவ, கீழ வீதியிலிருந்து மேல வீதிக்கு நடக்கிற நேரம் போதும். தலைமையாசிரியை பதவிசாகச் சொன்னார்: "யாருன்னு பேரு வரட்டும் டீச்சர். அதுவரைக்கும் லீவுல இருங்க." அந்தக் கணக்குக்கு ஆசையாகப் பதில் எழுதிய அப்பாக்கள் யாரும் லீவில் போகவில்லை.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்ட ரைட்டர் நல்ல மனிதர். எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். எஃப்.ஐ.ஆர். படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: சம்பவ இடம் நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று. ஆடு திருட்டுக்கும் வரப்புத் தகராறுக்கும் ஏற்பட்ட கட்டம் அது.

"அந்தக் கணக்கு நடத்துற கம்பெனி எங்க இருக்குது டீச்சர்?"

"அமெரிக்காவுல."

"கெழக்கா, மேற்கா?"

"பூமி உருண்டைங்க. எந்தப் பக்கம் போனாலும் வரும்."

"உருண்டைன்னு எழுத எடமில்லியே" என்று வருத்தப்பட்டு, கைப்பேசியில் பார்த்து எழுதினார்: மேற்கே, சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டர். நானும் கையெழுத்துப் போட்டேன். படித்தவள்தானே!

பிறகு கடலூருக்கு அலைந்தேன். "கம்பெனி நமக்கு நேரா தர மாட்டாங்கம்மா. ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்குது, அது வழியாத்தான் கேக்கணும்" என்றார் சைபர் பிரிவு அதிகாரி. அந்த வழி நீதிமன்றம், சென்னை, தில்லி என்று போய், அதன்பிறகுதான் கடல் தாண்டும். ஒவ்வொரு மேசையிலும் அந்த அசிங்கத்தின் நகலைக் கேட்டார்கள், ஆங்கில மொழிபெயர்ப்போடு. ஒரு வார்த்தைக்கு ஆங்கிலம் தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் என்னையே கேட்டார். சொன்னேன். காது எரிந்தது.

ஒரு வருஷம் கழித்து அமெரிக்காவிலிருந்து மரியாதையாக ஒரு கேள்வி வந்தது. உங்கள் அறிக்கைப்படி குற்றம் நடந்த இடம் எங்கள் நாடு. அப்படியிருக்க நீங்கள் எந்த அதிகாரத்தில் விசாரிக்கிறீர்கள்? நியாயமான கேள்விதான். விளக்கம் எழுத ரைட்டரைத் தேடினால், அவர் ஸ்ரீமுஷ்ணத்துக்கு மாற்றலாகியிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்த ஒரு கட்டத்தைத் திருத்தி, வந்த வழியே எல்லா மேசைக்கும் மறுபடி அனுப்ப எட்டு மாதம் ஆனது.

கடைசியில் பதில் வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பதிவுகளைக் கம்பெனி வழக்கப்படி அழித்துவிட்டது, எனவே கோப்பு முடிக்கப்படுகிறது என்று இரண்டே வரி. கடலூர் பேருந்து நிலையத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். அவன் நாற்பது பேருக்கு அனுப்பியதை, ஒப்பந்தம் முத்திரை குத்தி இரண்டு நாடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

மறுநாள் கோப்பின் நகலோடு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை ஆவலாகக் கேட்டார்.

"பேரு வந்துருச்சா டீச்சர்?"

"வந்துருச்சு மேடம்" என்று கோப்பை அவர் மேசையில் வைத்தேன். "எல்லாப் பக்கத்துலயும் இருக்குது. என் பேரு."