கப்பல் அப்பிள்

துறைமுக வாசலுக்கு அருகே ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்கிறேன். கப்பல் நங்கூரமிட்டதும் எங்களில் ஒருவர் படகில் போய், கயிற்றேணியில் ஏறி, கப்டனிடம் பத்திரங்களை வாங்கி வரவேண்டும். நான் எழும்பினாலே போதும், படகோட்டும் அண்ணை வாசலில் நின்று மறிப்பார்.

"வெயில் கொளுத்துது, தங்கச்சி. நீங்கள் ஃபானுக்குக் கீழ இருங்கோ."

போனவர்கள் திரும்பும்போது, கப்டன் கொடுத்த அப்பிளை என் மேசையில் வைப்பார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று பூரித்துப்போய்த் தின்றிருக்கிறேன். இப்போதும் அவர்கள் நல்ல மனிதர்கள்தான். அதுதான் சங்கடம்.

கப்பலேறும் வேலைக்குப் பொறுப்பான பதவி போன வருடம் வெற்றிடமானது. நான் விண்ணப்பித்தேன். என்னைத் தன் மகளைப்போல நடத்தும் எங்கள் மனேஜர் ஐயா அதைப் படித்து, மடித்து, என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"குறை நினைக்காதேங்கோ, பிள்ளை. நீங்கள் ஒருநாளும் கப்பல் ஏறினதில்லையே."

அவர் சொன்னது உண்மை. எனக்குப் பின் வந்த ஆண்கள் எல்லோரும் ஏறியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் எனக்குத் தேநீர் எடுப்பித்தார்.

மத்தியானம், குறிஞ்சாக்கேணியிலிருந்து எங்கள் கந்தோருக்கு வேலைக்கு வரும் தோழியிடம் சொன்னேன். அவளும் ஒருமுறை கப்பலுக்குப் போகக் கேட்டவள். அபாயாவோடு ஏணி சரிவராது என்றார்கள். காற்சட்டை போட்டு வருகிறேன் என்று அவள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"இவங்க ஏசியிருந்தா எப்பவோ சண்டை பிடிச்சிருப்பம்," என்றாள். "அன்பாச் சொன்னதால கதிரையிலயே இருந்துட்டம்."

அடுத்த கப்பல் வந்தபோது பதவிக்கு இன்னும் யாரையும் போடவில்லை. மற்றவர்கள் எழும்புமுன் நான் போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டேன்.

"இறங்குங்கோ தங்கச்சி. விழுந்துகிழுந்து போனால் ஐயாவுக்கு ஆர் பதில் சொல்றது?"

"நீங்கள் முதல்நாள் ஏறேக்க ஆர் பதில் சொன்னது, அண்ணை?"

அவர் சிரித்துவிட்டார். உயிர்காப்பு அங்கியைத் தந்து, வாரை எப்படி இறுக்குவது என்றும் காட்டினார். ஏணி ஆடிய ஆட்டத்தில் கோணேசப் பெருமானைக் கூப்பிட்டபடியேதான் ஏறினேன். மேலே கப்டன் பத்திரங்களைத் தந்தார். பிறகு ஒரு அப்பிளும் தந்தார்.

அதைக் கொண்டுவந்து ஐயாவின் மேசையில் வைத்தேன். கடல் தண்ணீரில் நனைந்திருந்த என் சட்டையை அவர் பார்த்தார்.

"என்ன பிள்ளை, நீங்களோ போனனீங்கள்?"

"ஓம் ஐயா. இண்டைக்கு ஏறினனான்." கைப்பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து அப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதைத் திரும்ப ஒருக்கால் படியுங்கோ."

அவர் கண்ணாடியைத் தேடினார். அவர் மேல் எனக்கிருந்த அன்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அவர் படித்து முடிக்கும்வரை நான் என் கதிரைக்குத் திரும்பவில்லை.